மருத்துவர் அவளைக் கேட்டார், நான் பதில் சொன்னேன்

பதிவு 1 | வாசல்தூண்
(இந்தப் பதிவு பின்னர் திருத்தப்பட்டது. ஒரு வரி நீக்கப்பட்டுள்ளது. காரணம் பதிவு 11-இல்.)

என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். விடுமுறை நாட்களில் வலி இல்லை. இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுவேதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. ‘பள்ளிக்கூட வலி’ என்று பெயரும் வைத்துவிட்டோம்.

முந்தாநாள் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் மகளைப் பார்த்து, “எங்கே வலிக்கிறது?” என்றார். “தொப்புளைச் சுற்றி, டாக்டர்” என்றேன் நான். “எப்போதிலிருந்து?” “மூன்று வாரமாக.” “சாப்பாடு?” “பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள்.” ஐந்தாறு கேள்விகள் இப்படியே போயின. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “அம்மா சொன்னதில் ஏதாவது திருத்தம் இருக்கிறதா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: “விடுமுறையில் வலிக்காது என்று அம்மா சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் வலிக்கும்.”

மூன்று வாரமும் அவள் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

பரிசோதனைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது நடக்கும். என் கேள்வி வேறு. ஞாயிறு இரவில் என்ன என்பதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அவளிடம் எப்படிக் கேட்பது? “ஏன் வலிக்கிறது?” என்றால் “தெரியவில்லை” என்கிறாள். மாமியாரோ, “இப்போதே இவ்வளவு கேட்டுக் கேட்டுச் செய்தால் நாளைக்கு எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுவாள்” என்கிறார். அவர் சொல்வதிலும் ஏதோ இருக்குமோ என்று பாதி மனம் தடுமாறுகிறது.

பதிவு 2 | இரவுப்பணி

தோழி, நான் குழந்தைகள் வார்டில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர். முதல் வேலையாக அந்தப் ‘பள்ளிக்கூட வலி’ என்ற பெயரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். கவலையால் வரும் வயிற்றுவலியும் வலிதான். தேர்வு நாளில் நமக்கு வயிற்றைக் கலக்கியதே, அப்போது நாம் நடித்தோமா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “எல்லாம் மனசுதான்” என்று தீர்ப்பு எழுதிவிடுவது. எடை குறைகிறது, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, காய்ச்சல், வலி நகர்ந்து வலது அடிவயிற்றில் தங்குகிறது: இவற்றில் எது இருந்தாலும் விவாத இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, கேட்கும் முறை. ‘ஏன்’ என்ற கேள்வி குழந்தையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். அதை விட்டுவிடுங்கள். “ஒரே விரலால் தொட்டுக் காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றி வட்டம் போடும் குழந்தை ஒன்றைச் சொல்கிறது. ஒரு புள்ளியை அழுத்திக் காட்டும் குழந்தை வேறொன்றைச் சொல்கிறது. “குத்துகிறதா, எரிகிறதா?” என்று சொற்களை நாம் எடுத்துக் கொடுத்தால், நம்மை மகிழ்விக்க அவற்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும். “எதைப் போல வலிக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். “உள்ளே யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்” என்றான் ஒரு பையன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத துல்லியம்!

வலியின் அளவைக் கேட்க வார்டில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை வைத்திருப்போம். சிரிக்கும் முகம் 0, அழும் முகம் 10. மூன்று வயதுக் குழந்தைகூடக் காட்டிவிடும். 1980-களில் டோனா வாங், கானி பேக்கர் என்ற இருவர் உருவாக்கியது. வெற்று வட்டங்களைக் குழந்தைகளிடமே கொடுத்து, வலி முகங்களை வரையச் சொல்லித் தொடங்கியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, இன்றும் குழந்தைகளுக்கு அது சட்டென்று புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசிக்கு முன் “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். வலிக்கும். அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் அந்தக் குழந்தை நம்பாது. “சுருக்கென்று இருக்கும், ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். எந்தக் கையில் போடலாம்?” என்று கேட்டால் போதும். ஊசி வேண்டுமா என்று நான் எந்தக் குழந்தையையும் கேட்டதில்லை. கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமலும் இருந்ததில்லை.

பதிவு 3 | ஓய்வூதியன்

எல்லோரும் ஒரே சுருதியில் போவதால் நான் கொஞ்சம் அபசுரம் வைக்கிறேன். எனக்கு 72 வயது. எங்கள் காலத்தில் யாரும் எங்களிடம் எந்தக் கை என்று கேட்டதில்லை. கையைப் பிடித்தார்கள், போட்டார்கள். நாங்களும் வளர்ந்துதான் இருக்கிறோம்.

என் பேரனுக்குப் பதினோரு வயது, ஆஸ்துமா. உறிஞ்சு மருந்தை (இன்ஹேலர்) பள்ளிக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று அடம். எடுத்துப் பையில் வைத்தால் மேசைக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போகிறான். இவன் கருத்தைக் கேட்டு நான் என்ன செய்ய? மூச்சுத் திணறும்போது கருத்து காப்பாற்றுமா? நான் ஆறு வயதில் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தவன். வாரத்தில் ஒருநாள்தான் பெற்றோரை உள்ளே விடுவார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு நான் அழவே இல்லை. “சமர்த்துப் பிள்ளை” என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்த உறுதி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

பதிவு 4 | கரும்பலகை

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. கேட்பதையும் கீழ்ப்படிவதையும் நீங்கள் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் குறை. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி உரிய மதிப்பு தரவேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தை சொன்னபடியே முடிவெடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதே உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு உடல்நலத்துக்கான உரிமை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். என் நினைப்பை மாற்றியது ஒரு பெட்டி.

நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ‘மாணவர் பேரவை’ உண்டு. அது கூடி எதை முடிவு செய்யும் தெரியுமா? விழா மேடைக்கு என்ன நிறத் தோரணம் என்பதை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்: குழந்தைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. நாங்கள் இரண்டாம் படியில் வசதியாக உட்கார்ந்திருந்தோம்.

அதோடு ஒரு கருத்துப் பெட்டியும் இருந்தது. மாட்டி நான்கு மாதம் ஆகியும் திறக்கவில்லை. சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. ஒருநாள் பூட்டை உடைத்தோம். முப்பத்திரண்டு சீட்டுகள். அவற்றில் பத்தொன்பது ஒரே விஷயத்தைப் பற்றி: கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

பெண்பிள்ளைகள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள், போக வேண்டி வருமே என்று. மதியத்தில் தலைவலி, வயிற்றுவலி என்று வகுப்பிலிருந்து எழுந்து போவார்கள். அதே பிள்ளைகளுக்கு நான் “தண்ணீர் குடியுங்கள்” என்று உடல்நலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாழ்ப்பாள் மாட்ட அரைநாள் ஆனது. அதைக் கேட்க நான்கு மாதம்.

வாசல்தூண் அவர்களே, உங்கள் மகளிடம் பள்ளியின் கழிப்பறையைப் பற்றி ஒருமுறை கேளுங்கள். பெரியவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

பதிவு 5 | இரவுப்பணி

கரும்பலகை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அடக்கி வைக்கும் பழக்கத்தால் வரும் மலச்சிக்கல் குழந்தைகளின் வயிற்றுவலிக்கு மிகச் சாதாரணமான காரணம். சிறுநீரை அடக்கினால் தொற்று. தினமும் போகிறாளே என்று ஏமாந்துவிடாதீர்கள்; கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் உள்ளே தேங்கியிருக்கும்.

ஓய்வூதியன் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. மூன்றாம் நாளுக்குப் பிறகு அழவில்லை என்றீர்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த குழந்தைகளை நாள்தோறும் கவனித்தார். முதலில் அழுது போராடுவார்கள்; பிறகு சோர்ந்து ஒடுங்குவார்கள்; அதன்பின் யார் வந்தாலும் போனாலும் ஒன்றுபோல் இருப்பார்கள். ‘பழகிவிட்டான்’ என்று மருத்துவமனை எழுதிக்கொண்டதெல்லாம் இந்த இரண்டாம், மூன்றாம் நிலைகளைத்தான். இந்தக் கவனிப்புகளின் தொடர்ச்சியாகத்தான் 1959-இல் அங்கே, மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோரைத் தடையின்றி உள்ளே விடச் சொன்னது. நீங்கள் அந்தக் கட்டிலில் கிடந்ததும் ஏறக்குறைய அதே காலம், ஐயா.

எங்கள் துறை மௌனத்தைத் தவறாகப் படித்ததற்கு இதைவிடக் கொடிய சான்றும் உண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கு வலி உணரும் அளவுக்கு நரம்புகள் முதிரவில்லை என்று நம்பி, 1980-கள் வரை பல இடங்களில் போதிய மயக்க மருந்து இல்லாமலே அவர்களுக்கு அறுவை செய்தார்கள். கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வலிநீக்கும் ஃபெண்டனில் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு உடல் அதிர்ச்சியும் அறுவைக்குப் பின்னான சிக்கல்களும் குறைவாக இருந்தன. பேசத் தெரியாதவர்களுக்கு வலிக்காது என்று படித்தவர்களே நம்பியிருக்கிறார்கள்!

பதிவு 6 | ஓய்வூதியன்

செவிலியர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் பிறகு எழுதுகிறேன்.

பதிவு 7 | எறும்புவரிசை

நான் ஒரு தகப்பன். தன்னம்பிக்கை என்றவுடன் பிள்ளையை மேடையேற்றும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். பேச்சுப் போட்டிக்கு நானே எழுதிக் கொடுப்பேன், அவன் மனப்பாடம் செய்து முழங்குவான், கோப்பை வரும். அதே பையன் கடையில் மிச்சச் சில்லறை குறைந்தால் வாய் திறக்க மாட்டான். யோசித்தால், மேடையில் அவன் பேசியதெல்லாம் என் பேச்சு.

இப்போது கோப்பை இல்லை. பல் மருத்துவரிடம் அவனே சொல்கிறான்; இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது. அந்த இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய பயிற்சி.

பதிவு 8 | பின்வரிசை

எனக்குப் பதினாறு வயது. நான் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

எங்களிடம் கேட்பதில்லை என்பது பாதி உண்மைதான். கேட்கிறார்கள். கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பேசுங்கள். பதிமூன்று வயதில் என் உடம்பைப் பற்றிய ஒரு சந்தேகத்தை வீட்டில் சொன்னேன். அன்று மாலையே தொலைபேசியில் உறவினர் இருவருக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கெட்ட எண்ணம் இல்லை, செல்லம்தான். அதன் பிறகு மூன்று ஆண்டுகளாக நான் ஒன்றும் சொல்லவில்லை. “இவள் ரொம்ப அமைதி” என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு மருத்துவர் அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார். “நீ சொல்வது நம் இருவருக்குள் இருக்கும். உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்றார். எது வெளியே போகும், எது போகாது என்று எனக்கு முன்கூட்டியே சொன்ன முதல் பெரியவர் அவர். எல்லாவற்றையும் சொன்னேன்.

பதிவு 9 | இரவுப்பணி

பின்வரிசை, தாராளமாக எழுதலாம். இந்த இழையில் எங்கள் எல்லோரையும்விட உனக்குத்தான் பேச உரிமை அதிகம்.

ஒன்று சேர்க்கிறேன். சொல்ல வாய் வராத குழந்தைகளும் இருக்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், காது கேளாதவர்கள், மிகச் சிறியவர்கள். படஅட்டை, சைகை மொழி என அவர்களுக்கும் வழிகள் உண்டு. விளையாட்டு, உடல்மொழி, ஓவியம், முகக்குறிப்பு எல்லாமே கருத்துச் சொல்லும் வழிகள் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 12-ஆம் பிரிவுக்கு 2009-இல் எழுதிய விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆடை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையும் ஏதோ சொல்கிறது.

பதிவு 10 | மட்டுறுத்துநர்

இரண்டு குறிப்புகள். மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை இங்கே கேட்கவோ சொல்லவோ வேண்டாம். பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களையும் தவிருங்கள்.

வாசல்தூண் அவர்களுக்கு, விதியாக இல்லாமல் கேள்வியாக: இதை இங்கே எழுதுவது உங்கள் மகளுக்குத் தெரியுமா?

பதிவு 11 | வாசல்தூண்

தெரியாது. மட்டுறுத்துநரின் கேள்வியைப் படித்ததும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் பேச்சைக் கேட்பது எப்படி என்று ஊரைக் கேட்ட நான் அவளைக் கேட்கவில்லை.

நேற்று மாலை முதல் பதிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். “அழுதேன் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். வயிற்றுவலி இருக்கட்டும்” என்றாள். எடுத்துவிட்டேன். பிறகு, “யாராவது பதில் போட்டார்களா?” என்று கேட்டாள். தாழ்ப்பாள் கதையைப் படித்தேன். “எங்கள் பள்ளியில் தாழ்ப்பாள் இருக்கிறது. தண்ணீர்தான் வராது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இத்தனை நாள் நான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பதிவு 12 | கரும்பலகை

தண்ணீர் விஷயத்தை நீங்கள் மட்டும் போய்ச் சொன்னால் ‘ஒரு தாயின் குறை’ என்று போய்விடும். மற்ற பெற்றோர் நான்கைந்து பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது. பதில் வந்ததும், நல்லதோ கெட்டதோ, அவளிடம் போய்ச் சொல்லுங்கள். இதை நாங்கள்தான் பெரும்பாலும் மறந்துவிடுவோம். தன் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாத குழந்தை மறுமுறை சொல்லாது.

பதிவு 13 | வாசல்தூண்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். (இந்தப் பதிவையும் அவள் கேட்டுவிட்டாள். ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன்.)

பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மலச்சிக்கல் நிறைய இருந்தது. மருந்தும், காலையில் அவசரமில்லாமல் உட்கார நேரமும் கொடுக்கிறோம். மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லிவிட்டார். பள்ளியில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் செய்யவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

ஞாயிறு இரவின் விஷயம் தனி. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அவளுடைய அத்தையிடம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முகம் பார்க்காமல். எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். திங்கள் முதல் பாடவேளையில் ஒவ்வொருவராக எழுந்து உரக்கப் படிக்க வேண்டுமாம். ஒரு எழுத்து அவளுக்கு இடறுகிறது. சிரிக்கிறார்கள்.

மறுநாளே பள்ளிக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடத் துடித்தேன். அத்தைதான் நிறுத்தி, “அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயா?” என்றார். கேட்டேன். “நீங்கள் வரவேண்டாம். கடிதம் போதும். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்” என்றாள். இரண்டே வரி. முதலில் ஒரு தோழியோடு சேர்ந்து படிக்கிறேன், பிறகு தனியாகப் படிக்கிறேன் என்று. ஆசிரியர் ஒப்புக்கொண்டார். பேச்சுப் பயிற்சியாளரையும் பார்க்கப் போகிறோம். அது அவள் கேட்டதில்லை, என் முடிவு. முணுமுணுத்தாள். காரணம் சொன்னேன். வருகிறேன் என்றாள், முணுமுணுப்போடுதான்.

போன ஞாயிறு இரவும் வலித்தது. ஆனால் எழுப்பிச் சொன்னாள்.

பதிவு 14 | ஓய்வூதியன்

பதில் பிறகு எழுதுகிறேன் என்றேன். எழுதத் தாமதமாகிவிட்டது, ஏனென்றால் முதலில் பேரனிடம் பேச வேண்டியிருந்தது.

‘ஏன்’ என்று கேட்கவில்லை, செவிலியர் சொன்னபடி. “பள்ளியில் அந்த மருந்தை எடுக்கும்போது என்ன நடக்கும்?” என்று கேட்டேன். ஓட்டப்பயிற்சிக்கு முன் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்கச் சொல்கிறார்களாம். மூன்று பையன்கள் சுற்றி நின்று, அவன் உறிஞ்சுவது போலவே செய்து காட்டுகிறார்களாம். எனக்கு ஆறு வயதுக் கட்டில் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை.

மருந்து பையில் இருந்தே ஆகவேண்டும், அதில் பேரம் இல்லை என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான். எங்கே நின்று எடுப்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும் என்று பயிற்சியாளரிடம் பேசியிருக்கிறேன். மைதானத்தை ஒட்டிய ஒரு அறையைச் சொன்னான். திணறல் என்றால் அறை வரை நடக்காமல் நின்ற இடத்திலேயே எடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. எட்டு நாளாக மேசைக்குப் பின்னால் எதுவும் இல்லை.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறான். ஏதோ தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறான், தருகிறேன்.

மூன்று பேர் இல்லை, நான்கு பேர். தாத்தா சரியாகக் கேட்கவில்லை.